எழுத்தில் இடறும் மாணாக்கர்

மாணாக்கரைத் தலையாயார், இடையாயார், கடையாயார் என மூவகைப்படுத்து, அவர்கட்கு அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றை உவமையாகக் கூறினார் நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர். நம் கலாசாலையிற் பயின்றோர் பலரும் இதனை ஒருமுறையேனும் மனனம் பண்ணியிருப்பர். வகுப்பில் ஒருவரையொருவர் எருமையென்றும் இல்லிக்குடமென்றும் ஏசிக்கொள்ளுதற்கு அது பயன்பட்டிருத்தலும் கூடும். அப்பாகுபாட்டை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். ஆண்டுக் கூறப்பட்ட உவமைகளெல்லாம் கேட்டதைக் கொள்ளுதல், கேட்டதைத் திரும்பச் சொல்லுதல், கேட்டதை ஒழுகவிடுதல், கேட்டதிற் சாரத்தைப் பிரித்தல் என்னும் இவற்றையே பற்றியன. கேட்டதையெல்லாம் செவ்வையாய் உணர்ந்தும், எழுத்தைக் கண்டு வாசிக்கப் புகுங்கால் இடறி நிற்கும் மாணாக்கன் ஒருவன் அவ்வரிசையில் இல்லை.

அத்தகையோர் அக்காலத்துப் பிறந்திலர் என்பது அதற்குக் காரணமன்று. ஏடு அருமையாயிருந்த காலத்தில் கல்வி பெரும்பாலும் செவிவழியே நடந்தமைதான் காரணம். இன்றும் ஓர் ஆசிரியரிடம் கற்றதனைப் 'பாடங் கேட்டேன்' என்கிறோமேயன்றிப் 'பாடம் பார்த்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. 1857-ஆம் ஆண்டிற் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டதன்பின், அச்சுப் புத்தகமும் எழுத்துப் பரீட்சையும் நம் நாட்டு உயர்தரக் கல்விக்கு இரு தூண்களாயின. அவற்றால் நாம் அடைந்த நன்மைகள் பல. ஆயினும் அன்றுமுதல் எழுத்தானது கல்விக்குக் கருவியாதலோடு நில்லாது, அதன் வாயிற்கதவும் ஆயிற்று. விரைந்து வாசிக்கவும் பிழையின்றி எழுதவும் வல்லவன் உள்ளே புகுந்தான். மாட்டாதவன், பௌதிகத்திலேனும் கணிதத்திலேனும் எத்துணைக் கூரிய மதி படைத்தவனாயினும், திண்ணையிலேயே நின்றான்.

அங்ஙனம் நிற்கும் பிள்ளைகளுக்கு, சிறப்பாக உயர்நிலைப் பள்ளியில் 9, 10-ஆம் வகுப்புக்களிலிருந்து பொதுப் பரீட்சையை எதிர்நோக்கும் பிள்ளைகளுக்கு, நாம் செய்யத்தக்க உதவி யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். கண், செவி, கைகால் முதலியவற்றிற் குறையுடைய மாணாக்கர்க்கும், பிற காரணங்களாற் கல்வியிற் சிறப்புதவி வேண்டுவார்க்கும் உரியவை பல உள. அவற்றையெல்லாம் ஒரு கட்டுரையில் அடக்கப் புகின் ஒன்றும் உருப்படாது. ஆதலின் ஈண்டு ஒன்றனையே எடுத்துக்கொள்வாம்.

இக்குறை கற்றோர் கவனத்திற்கு வந்த வரலாறு அறியத்தக்கது. 1896-ஆம் ஆண்டில், இங்கிலாந்து தேசத்துச் சஸெக்ஸ் பகுதியிலுள்ள ஸீபோர்டு என்னும் கடற்கரையூரில் வைத்தியராயிருந்த பிரிங்கில் மார்கன் என்பார், 14 வயதுச் சிறுவனொருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அச்சிறுவன் அறிவும் சுறுசுறுப்பும் வாய்ந்தவன்; விளையாட்டிற் பிறர்க்குப் பின்னிடாதவன்; கண்ணிலும் யாதொரு பழுதும் இல்லை. பல ஆண்டுகள் ஆசிரியர்களிடம் பயின்றும் மிகச் சிறிய சொற்களையன்றிப் பிறவற்றை வாசிக்க அறியான். தன் பெயரை எழுதுங்காலும் எழுத்துக்களை முன்பின்னாக மாற்றி எழுதினான். ஆனால் 749-ஐ 867-ஆற் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் பிழையின்றியும் பெருக்கினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியில் இவனே முதல்வனாவான் என்று, அவனுக்குச் சில ஆண்டு கற்பித்த ஆசிரியர் கூறியதாகவும் மார்கன் குறித்திருக்கிறார். அவ்வாசிரியர் கண்ட உண்மையை, 100 ஆண்டுகளுக்குமேற் கழிந்த பின்னும், நம் பள்ளிகளிற் பல இன்னும் கண்டபாடில்லை.

அக்காலத்தில் இதனைச் 'சொற்குருடு' என்றனர். கண் வைத்தியர்களே இதனை முதலில் ஆராய்ந்தமையின் அப்பெயர் வந்தது போலும். ருடால்ப் பெர்லின் என்னும் ஜெர்மானியக் கண் வைத்தியர் 1887-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வழங்கிய 'டிஸ்லெக்ஸியா' என்னும் சொல்லே இன்று நிலைபெற்றுள்ளது. பெயர் எதுவாயினும், குறை கண்ணில் இல்லை என்பது பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதனைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துணர்தலும், ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய வரிவடிவத்தோடு நொடிப்பொழுதில் இணைத்தலும் வாசிப்புக்கு அடிப்படை. பெரும்பாலோர்க்குச் சில ஆண்டுப் பழக்கத்தால் தானே நிகழ்வதாகிய இத்தொழில், இவர்கட்கு ஒவ்வொரு முறையும் முயன்று செய்யவேண்டியதாயிருக்கிறது. மனத்தின் வலிமுழுதும் எழுத்துக் கூட்டுதலிலேயே செலவாய்விடுமாகலின், வரியின் முடிவை அடையுமுன் அதன் தொடக்கம் மறந்துபோகிறது. இது மதியின்மையால் வருவதன்று; சோம்பலால் வருவதுமன்று. குடும்பவழியாக வருதலும் உண்டு. பையனைப் பற்றிப் பேசுதற்குத் தந்தையை வரவழைத்தால், "எனக்கும் இப்படித்தான் ஐயா எழுத்து ஏறவில்லை, ஏழாவதோடு நின்றுவிட்டேன்" என்று அவர் தலைகுனிந்து சொல்லக் கேட்டல் ஆசிரியர் பலர்க்குப் புதிதன்று.

நிற்க. தமிழெழுத்து ஒலிக்கேற்ப அமைந்ததாதலால் இக்குறை ஆங்கிலத்திற்கே உரியது, தமிழில் தோன்றாது என்பாருமுளர். அவர் கூற்றிற் பாதி உண்மை. ஆங்கிலத்தில் ஒரெழுத்துப் பலவாறு ஒலித்து மாணாக்கனை அலைக்கழிப்பது போலத் தமிழ் அலைக்கழிப்பதில்லை. ககரம் சொல்லின் முதலிலும் இடையிலும் மெல்லெழுத்தின் பின்னும் வெவ்வேறு விதமாய் ஒலிப்பினும், இடம் நோக்கி அதனை அறிந்துகொள்ளலாம். ஆயின் தமிழுக்கென்றே அமைந்த இடர்கள் சில உள. எழுத்துக்கள் 247. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒலியிற் பின்வந்தும் எழுத்தில் முன்னிற்பன. ஒகர, ஓகாரக் குறிகளோ மெய்யின் இருபுறமும் நிற்பன. 'கொடி' என்னுஞ் சொல்லை வாசிக்கும் பிள்ளை, கொம்பைக் கண்டு, ககரத்தைக் கண்டு, பின்னுள்ள காலையும் கண்டு, அதன்பின்னரே முதலெழுத்து 'கெ' அன்று, 'கொ' என்று துணிதல் வேண்டும். நமக்கு இஃது ஓர் இமைப்பொழுது. அவனுக்கு ஒவ்வொரு கொம்பும் ஒரு மேடு. 'கௌ' என்பதிலுள்ள குறி ளகரம் போலவே தோன்றும் கொடுமையைச் சொல்லவும் வேண்டுமோ? 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய தனி வடிவங்கள் ஒழிந்தமை இத்தகைய பிள்ளைகட்குச் சிறிது சுமை குறைத்தது. அக்காலத்து அதனை எதிர்த்த புலவர்கள் இவர்களை நினைத்துப் பார்த்திருப்பாரோ என்று ஐயுறுகிறேன்.

இவற்றினும் பெரிய இடர் வேறு இரண்டு. ஒன்று, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். 'வந்துக்கிட்டிருக்காங்க' என்று வீட்டிற் பேசும் பிள்ளை 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று புத்தகத்திற் காண்கிறான். ரகர றகரங்களையும், லகர ளகர ழகரங்களையும், நகர னகர ணகரங்களையும் வேறுபடுத்தி உச்சரியாத ஊர்ப் பிள்ளைக்கு எழுத்துப்பிழை விலக்க அவன் செவியும் துணைசெய்வதில்லை. மற்றொன்று, சொற்கள் புணர்ந்து நீளுதல். இதனைப் பின்னர் விரித்துரைப்பேன். இவற்றின் விளைவாகத் தமிழ் கற்கும் பிள்ளையிடம் இக்குறை பெரும்பாலும் தவறான வாசிப்பாக வெளிப்படாது, மெதுவான வாசிப்பாகவே வெளிப்படுகிறது. எழுத்தும் ஒலியும் ஒத்துச் செல்லும் பிற மொழிகளிலும் இவ்வாறே நிகழ்வதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். எனவே 9-ஆம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, பையன் தட்டுத்தடுமாறியேனும் பிழையின்றி முடித்துவிட்டால், இவனுக்கு வாசிக்கத் தெரியும் என்று முடிவு செய்துவிடுகிறார். அவன் வாசித்த அதே பொழுதில் அண்டையிலிருப்பவன் இரண்டு பக்கம் வாசித்துவிட்டான் என்பதை அவர் அளந்து பார்ப்பதில்லை. பரீட்சை மண்டபத்திலோ கடிகாரம் அதனை அளந்துவிடுகிறது.

உயர்நிலைப் பள்ளியில் இவர்கள் நிலை தொடக்கப் பள்ளியினும் இரங்கத்தக்கது. ஆண்டு ஓராசிரியர் நாள்முழுதும் ஒரு வகுப்போடிருப்பர். பிள்ளையின் இயல்பு அவர்க்கு ஒருவாறு தெரிந்திருக்கும். ஈண்டோ மணியடித்தால் ஆசிரியர் மாறுவர். கணித ஆசிரியர்க்கு அவன் கெட்டிக்காரன். சரித்திர ஆசிரியர்க்கு மந்தன். ஆங்கில ஆசிரியர்க்குச் சோம்பேறி. தமிழாசிரியர்க்கு வகுப்பைக் குழப்பும் குறும்பன். இந்நால்வரும் ஒரே பையனைப் பற்றிப் பேசுகின்றனர் என்பது நால்வரும் ஓரிடத்திற் கூடியிருந்து பேசினாலன்றி விளங்காது. பையனும் 14 வயதிற்குள் தன் குறையை மறைத்துக்கொள்ளும் வித்தையில் தேர்ந்துவிடுகிறான். வாசிக்கும் முறை தன்னை நெருங்குமுன் தண்ணீர் குடிக்க அநுமதி கேட்கிறான். மூக்குக்கண்ணாடியையோ புத்தகத்தையோ மறந்து வருகிறான். சில வேளைகளில் வேண்டுமென்றே ஒரு வேடிக்கை பேசி வகுப்பிற்கு வெளியே அனுப்பப்படுகிறான். அறிவில்லாதவன் என்று பெயரெடுப்பதினும் அடங்காதவன் என்று பெயரெடுத்தல் அவ்வயதில் அவனுக்கு மேலாகத் தோன்றுகிறது. இலவசக் கட்டாயக் கல்விக்கென 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் பொதுவாக 14 வயது வரையுள்ள பிள்ளைகளையே தழுவியது. அவ்வேலி முடியுமிடத்திலேதான் இப்பையனும் பள்ளியைவிட்டு நழுவுகிறான்.

இவர்கட்குச் செய்யத்தக்கது யாது? பாளையங்கோட்டையை அறிந்தோர்க்கு விடை பாதி தெரிந்ததே. 1890-ஆம் ஆண்டில் அன்னை ஆஸ்க்வித் அம்மையார் அங்கே பார்வையற்றோர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதனையடுத்துப் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென மற்றொரு பள்ளியைத் தொடங்கினார். கண்ணில்லாதவனுக்கு விரலும், செவியில்லாதவனுக்குக் கண்ணும் கல்விக்கு வாயிலாகலாம் என்பதை அப்பள்ளிகள் நம் நாட்டினர்க்குக் காட்டின. பார்வையற்ற மாணாக்கன் பூகோளம் அறிந்தவனா என்று சோதிப்பதற்கு, அச்சிட்ட புத்தகத்தைக் கண்ணால் வாசித்துக் காட்டு என்று இன்று எவரும் கேட்பதில்லை. ஆயின் எழுத்தில் இடறும் மாணாக்கனை மட்டும், சரித்திரம் அறிந்தவனா என்று சோதிப்பதற்கு, விரைந்து வாசித்துப் பிழையின்றி எழுதிக் காட்டு என்கிறோம். அவன் குறை முகத்திலே தெரியாமையே இவ்வேற்றுமைக்குக் காரணம். அவனுக்கு வேண்டுவது எளிதாக்கப்பட்ட பாடமன்று, வேறொரு வாயில். அவ்வாயிலைத் திறந்துவிட்டு, அதே காலத்தில் வாசிக்கவும் அவனுக்குக் கற்பித்துவரல் வேண்டும். முதலில் வாசிக்கக் கற்கட்டும், பிறகு பௌதிகம் கற்கலாம் என்று இருப்போமாயின், மூன்றாண்டுப் பௌதிகத்தை அவன் இழந்துவிடுவான். பின்னர் அதனை எவரும் மீட்டுத்தரவியலாது.

பாட ஆசிரியர் செய்யத்தக்கவற்றில் தலையாயது சொற்பிரிப்பு. உயர்நிலை வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் 'மின்காந்தத்தூண்டல்', 'வளிமண்டலவழுத்தம்' என வருஞ் சொற்களைக் காண்க. பத்தெழுத்திற்குக் குறையாத இத்தகைய தொடரை எழுத்தெழுத்தாய்க் கூட்டும் பிள்ளை பாதிவழியில் மூச்சுத் திணறுகிறான். பாடந் தொடங்குமுன் அன்றைய பாடத்திலுள்ள ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி, 'மின் - காந்தம் - தூண்டல்' எனக் கோடிட்டுப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் கூறி, வகுப்பினர் அனைவரையும் ஒருசேர உச்சரிக்கச் செய்து, மீண்டும் சேர்த்தெழுதிக் காட்டுக. ஐந்து நிமிஷத்திற்கு மேற் செல்லாது. பிரித்துக் கண்ட சொல்லை அவன் அடுத்தமுறை ஓரளவு முழுமையாய்க் காண்கிறான். பிரிந்த உறுப்புக்கள் பிற சொற்களிலும் வருமாதலால், 'மின்' என்பதை அறிந்தவனுக்கு 'மின்னோட்டம்', 'மின்தடை', 'மின்னழுத்தம்' எல்லாம் பாதி அறிந்தவையாகின்றன. இதனால் வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் பிள்ளைகளும் பயனடைவர். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளும் பொருளறிந்து வாசிப்பர். நன்னூல் கற்ற தமிழாசிரியர் பதவியலையும் புணரியலையும் விஞ்ஞான வகுப்பிற்கு இரவல் கொடுத்தலினும் சிறந்த கொடை வேறுண்டோ?

அடுத்து, கரும்பலகையைப் பார்த்தெழுதுதல். தலையை நிமிர்த்துப் பார்த்து, பார்த்ததை மனத்தில் நிறுத்தி, குனிந்து எழுதி, மறுபடி நிமிர்ந்து, விட்ட இடத்தைத் தேடுதல் இவனுக்குப் பெரும்பாடு. எழுதி முடியுமுன் பலகை துடைக்கப்படுகிறது. எழுதியவரையிலுள்ளதும் பிழை மலிந்து வீட்டிற் படிக்கப் பயன்படாது. இவனை இவ்வேலையினின்றும் விடுவித்து, நல்ல கையெழுத்துடைய தோழன் குறிப்பின் படியை இவனுக்குக் கொடுத்துவிடலாம். இக்காலத்திற் கைப்பேசியாற் படமெடுத்துக்கொடுத்தல் ஒரு நிமிஷ வேலை. அப்பொழுது அவன் ஆசிரியர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்டலே அவனுக்கு வலிய வாயில். முன்னறிவிப்பின்றி எழுப்பி வகுப்பின் நடுவே வாசிக்கச் சொல்லுதலை அறவே ஒழித்தல் வேண்டும். வாசிக்கச் செய்யவேண்டுமாயின், இன்ன பத்தி என்று முந்தினநாளே சொல்லிவிட்டால் அவன் வீட்டிற் பலமுறை பழகி வருவான்.

விடைத்தாள் திருத்துதலிற் சிறிது நின்று சிந்திக்க. மின்கலங்களையும் கம்பியையும் சரியாய் இணைத்து, அம்மீட்டரிற் கண்ட அளவைப் பிழையின்றிச் சொல்லி, அழுத்தம் மிகுந்தால் ஓட்டம் மிகும் என்பதை வாயால் விளக்கவல்ல பையன், விடைத்தாளில் 'ஒம் விதீ' என்று எழுதிவிட்டான். மதிப்பெண் எதற்கு? ஓம் விதியை அறிந்தமைக்கா, ஓகாரத்தை அறிந்தமைக்கா? விஞ்ஞானத் தாளில் விஞ்ஞானத்திற்கும், சரித்திரத் தாளில் சரித்திரத்திற்கும் எண் இட்டு, எழுத்துப்பிழையை வட்டமிட்டுக் காட்டுவதோடு நிறுத்துக. வட்டங்களும் ஒரு பக்கத்திற்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டா. சிவப்பு மையாற் சிவந்த தாளைப் பிள்ளைகள் திறந்தும் பார்ப்பதில்லை.

இதனைக் கேட்குங்கால், "இஃது ஒருவனுக்குச் சலுகை, மற்றவர்க்கு அநீதியன்றோ?" என்று வினவுவர் சிலர். வினா நேர்மையானதே, நேர்மையாக விடையிறுத்தலும் கடன். சோதிக்கப்படும் பொருள் வாசிப்பாகவே இருக்குமிடத்து வாசித்துக் காட்டுதல் கூடாது. எழுத்துப்பிழையின்மையே சோதிக்கப்படுமிடத்துப் பிழைக்கு எண் குறைத்தலே முறை. சோதிக்கப்படும் பொருள் வேறாயிருக்குமிடத்து, கேள்வியை வாசித்துக் காட்டுதலால் அவன் விடையறிந்தவனாகிவிடான். விடை அறியாதவனுக்கு ஒரு மணி நேரம் மிகையாகக் கொடுத்தாலும் ஒரு மணி நேரம் மிகையாக உட்கார்ந்திருப்பானேயன்றி வேறில்லை. கிட்டப்பார்வையுடையவன் மூக்குக்கண்ணாடி அணிந்து பரீட்சை எழுதுதலை எவரும் சலுகையென்பதில்லை.

இனி, வாசிக்கக் கற்பித்தல். 15 வயதிற்குமேல் இவனுக்கு வாசிப்பு வராது என்று கைவிடுதல் தவறு. வேகம் முற்றும் பிறரோடு ஒத்துவராவிடினும், முறையாகக் கற்பித்தால் எவ்வயதிலும் முன்னேற்றம் உண்டு. முறையாவது, ஒலியையும் எழுத்தையும் இணைத்து, எளியதினின்று அரியதற்குப் படிப்படியாக, ஐயத்திற்கிடமின்றி எடுத்துச் சொல்லிக் கற்பித்தல். தானே கண்டுகொள்வான் என்று விடாமை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளின் அநாதசாலையைக் கண்காணித்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். பின்னர் அது இங்கிலாந்திற்கும் சென்றது. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தேசத்தில் ஆன்னா கில்லிங்காம் அம்மையார் முதலியோர் இக்குறையுடைய பிள்ளைகட்கென வகுத்த முறையிலும், எழுத்தை விரலால் வரைந்துகொண்டே அதன் ஒலியை வாயாற் சொல்லுதல் ஓர் உறுப்பாயிற்று. நம் திண்ணைப் பள்ளி மணல் உலகத்தைச் சுற்றிவந்ததோ என்று தோன்றும். ஆயின் மீசை அரும்பும் பையனை மணலில் 'அ' எழுதச் சொன்னால் மறுநாள் வரமாட்டான். மணலினும் ஒலியைப் பிரித்துக் காட்டும் ஒழுங்கே இன்றியமையாதது. அதனைத் தாளிலும் செய்யலாம்.

உயர்நிலை மாணாக்கர்க்கு நல்ல பயன்தரும் பயிற்சி ஒன்றுண்டு. அவன் பாடப்புத்தகத்திலிருந்தே நூறு சொற்களுக்கு மேற்படாத ஒரு பத்தியை எடுத்து, ஆசிரியர் முதலில் வாசிக்க, பின் இருவரும் சேர்ந்து வாசிக்க, பின் அவன் தனியே வாசிக்க. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே பத்தியை வாசித்து, எத்தனை விநாடி ஆயிற்றென்று அவனே குறித்துவைப்பானாக. தன்னோடு தானே பந்தயமோடுதலில் இளைஞர்க்கு ஊக்கம் மிகுதி. சிறுபிள்ளைகளின் காக்கை நரிக் கதைகளை அவன் கையிற் கொடுத்தல் கூடாது. கிரிக்கெட் செய்தியும் இயந்திர விவரமுமே அவன் விரும்பி வாசிப்பவை. நாள்தோறும் 20 நிமிஷம், தனியிடத்தில், நகைப்பார் இல்லாதபோது நடத்துதல் நன்று.

சட்டம் இவர்கட்குத் துணைநிற்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறியார். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் எழுவகைக் குறைகளே கூறப்பட்டிருந்தன. கற்றல் குறைபாடு அவற்றுள் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை 21 ஆக விரித்து, கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியது. இக்குறையைப் பள்ளி கூடியவரை விரைவிற் கண்டறிதல் வேண்டும் என்றும், பரீட்சையில் மிகைநேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு முதலிய மாறுதல்கள் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. எழுதுங்காற் கை பிடித்துக்கொள்ளும் நோயுடைய ஒருவர் தொடுத்த வழக்கில், சொல்வதை எழுதுபவரைப் பெறும் உரிமை சட்டம் குறிக்கும் 40 சதவீதக் குறையுடையார்க்கு மட்டுமே உரியதன்றென 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் ஒரு மணி மிகைநேரம் முதலிய சலுகைகள் வழங்கப்பட்டு வருகின்றன. இவற்றைப் பெறுதற்கு வைத்தியச் சான்று முதலியன வேண்டுமாதலின், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஓடித்திரியாது 9-ஆம் வகுப்பின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரை அணுகுதல் நலம். பிறரைக்கொண்டு எழுதுவித்தலும் பழகவேண்டிய கலை என்பதையும் நினைவிற் கொள்க. விடையை மனத்தில் ஒழுங்குபடுத்தி, வாக்கியம் வாக்கியமாய்ச் சொல்லி, எழுதியதைத் திருப்பி வாசிக்கக் கேட்டுத் திருத்துதல் முன்பழக்கமின்றி வாராது. பள்ளித் தேர்வுகளிலேயே நான்கைந்து முறை பழகாதவன் பொதுத்தேர்வன்று புதியவரொருவர் முன்னே நாவெழாது விழிப்பான்.

மொழிப்பாட விலக்கைப் பற்றி என் கருத்து வேறு. அது சிலர்க்கு இன்றியமையாததே. ஆயின் கேட்டவுடன் அளித்துவிடும் மருந்தாக அதனைக் கொள்ளுதல் தகாது. தமிழ் வகுப்பினின்றும் விலக்கப்பட்ட பிள்ளை அம்மணி நேரத்தில் என் செய்கிறான் என்று பார்த்தால், பல பள்ளிகளில் நூலகத்தில் வாளாவிருக்கிறான். வாசிப்பு எவ்விடத்தில் அவனுக்குக் கற்பிக்கப்படவேண்டுமோ அவ்விடத்தினின்றே அவனை வெளியேற்றியவாறாயிற்று. விலக்கு அளிப்பின், அந்நேரத்தைச் சிறப்பாசிரியரோடு வாசிப்புப் பயிற்சிக்கே ஒதுக்குதல் வேண்டும். அத்தகைய ஆசிரியர் போதிய அளவில் இல்லை என்பது உண்மையே. உயர்நிலை வகுப்புக்களில் 15 மாணாக்கர்க்கு ஒருவர் வீதம் வேண்டுமென 2021-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பணித்தும், அவ்வளவு வந்தடையப் பல காலமாகும்.

அதுவரையிலும் நம் கலாசாலை மாணாக்கர் செய்யத்தக்க ஒன்றுண்டு. அண்டையிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளின் பாடங்களை உரக்க வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுத்தலே அது. கைப்பேசியே எழுத்தை ஒலியாக்கி வாசிக்கும் வசதி தமிழிலும் வந்துள்ளது. ஆயினும் அது சந்தி பிரித்து, பொருளறிந்து, நிறுத்துமிடத்தில் நிறுத்தி வாசிக்கும் மாந்தர் குரலுக்கு ஈடாகாது. வாசிப்பவர் முதலிற் பாடத்தின் பெயரும் பக்க எண்ணும் சொல்லுக. செய்தி வாசிப்பவர்போல் விரையாது, பிள்ளை விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே பின்வரத்தக்க நடையில் வாசிக்க. நீண்ட சொல் வந்தால் ஒருமுறை பிரித்தும் ஒருமுறை சேர்த்தும் சொல்லுக. படம் இருக்குமிடத்து, அதில் யாது வரையப்பட்டுள்ளது, அம்புக்குறி எதனைச் சுட்டுகிறது என்பவற்றை இரண்டு வாக்கியத்திற் கூறுக. அட்டவணையை வரிசை வரிசையாக வாசிக்க. பாடத்தின் இறுதியிலுள்ள வினாக்களைத் தனிப் பதிவாக வைக்க. அவற்றைத் தேடி முழுப்பாடத்தையும் மறுபடி ஓடவிடுதல் பிள்ளைக்கு எரிச்சலூட்டும். ஒரு பதிவு 10 நிமிஷத்திற்கு மேற்படாதிருத்தல் நன்று. பதிவு முடிந்ததும் ஒரு பிள்ளையிடம் கொடுத்துக் கேட்கச் செய்து, எவ்விடத்தில் விரல் வரியைத் தவறவிட்டது என்று அவனையே கேட்டு, அவ்விடத்தை மறுபடி வாசித்துப் பதிக.